பழைய பிளேயரா, புதியதா?

வணக்கம் சார்,

அப்பாவின் இசைத்தட்டுகள் இரண்டு பெட்டி நிறைய என்னிடம் இருக்கின்றன. பெரும்பாலும் நிமிடத்துக்கு 33 சுற்று சுற்றும் எல்பி, கொஞ்சம் 78 சுற்று சுற்றும் பழைய தட்டு. பிளேயர் இல்லை. நியூஜெர்சியில் இருக்கும் மாமா தன்னுடைய பழைய டூயல் 1229 பிளேயரைக் கொண்டுவந்து தருகிறேன் என்கிறார். நண்பர்கள் புதிதாக வாங்கச் சொல்கிறார்கள். பழையதில்தான் பாட்டு நன்றாகக் கேட்கும் என்பது உண்மையா?

க., ஈரோடு

அன்புள்ள க.,

மாமாவிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். டூயல் 1229 அருமையான ஜெர்மன் மெஷின், 33, 45, 78 மூன்று வேகமும் உண்டு. சிக்கல் கரண்டில்தான். அதன் மோட்டார் மின்சாரத்தின் ஹெர்ட்ஸை, அதாவது அது நொடிக்கு எத்தனை முறை அலைகிறது என்பதைப் பார்த்துச் சுற்றுவது. அங்கே 60, இங்கே 50. டிரான்ஸ்பார்மர் போட்டால் 230 வோல்ட் 110 ஆகுமே தவிர ஹெர்ட்ஸ் அப்படியேதான் இருக்கும். 33 சுற்று சுற்றவேண்டிய தட்டு 28-ஐக்கூடத் தொடாது, ஐந்து கட்டையில் பாடியவர் மூன்று கட்டைக்கு இறங்கிவிடுவார். வேகத்தைக் கொஞ்சம் கூட்டிக் குறைக்கும் பிட்ச் திருகால் அரைக்கட்டைதான் ஏற்ற முடியும். மோட்டார் தண்டில் உள்ள புல்லியைக் கழற்றி 50 ஹெர்ட்ஸுக்கானதைத் தேடிப் போடவேண்டும். அப்புறம் உள்ளே இறுகிப்போன கிரீஸைச் சுரண்டி எடுக்கவேண்டும், மிளகு அளவு ரப்பர் துண்டு ஒன்று இருக்கும், அது பொடிந்திருந்தால் ஊசிக்கை தானாகத் தட்டில் இறங்கும் ஆட்டோமேட்டிக் வேலை செய்யாது, அதையும் மாற்றவேண்டும். இதையெல்லாம் ஆசையோடு செய்து தரும் மெக்கானிக் பக்கத்தில் இருந்தால் பழையதைப் போல சந்தோஷம் வேறில்லை. இல்லாவிட்டால் அது ஷோகேஸில்தான் உட்கார்ந்திருக்கும்.

பாட்டு எப்படிக் கேட்கும் என்பதில் பிளேயரின் வயதைவிட ஊசிக்குத்தான் பங்கு அதிகம். உங்களிடம் 78 இருப்பதால் இதைக் கட்டாயம் கவனியுங்கள். எல்பி ஊசியின் முனை சுமார் 0.7 மில் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), 78-க்கு வேண்டியது 3 மில். எல்பி ஊசியை அதில் வைத்தால் அகலமான பள்ளத்தின் அடியில் கிடக்கும் அழுக்கில் உரசிக்கொண்டே போகும், பாட்டைவிடக் கரகரப்புதான் அதிகம் வரும். புதிய பிளேயர் பலவற்றில் 78 வேகமே கிடையாது, கேட்டு வாங்குங்கள். என்னைக் கேட்டால் ஆடியோ டெக்னிகா எல்பி120எக்ஸ். மூன்று வேகமும் உண்டு, பெல்ட் இல்லை, எல்பிக்கு அதோடு வரும் ஊசியே போதும், 78 போடும்போது விஎம்என்95எஸ்பி ஊசியை மாற்றிக்கொள்ளலாம். ஊசி தட்டில் அழுத்தும் எடையையும் மாற்ற மறக்காதீர்கள், முன்னதற்கு 2 கிராம், பின்னதற்கு 5.

சூட்கேஸ் மாதிரி விற்கிறார்களே மலிவாக, அதை மட்டும் வாங்காதீர்கள். அதில் ஊசியைத் தாங்குவது பெரும்பாலும் செராமிக் கார்ட்ரிட்ஜ், 5 கிராமுக்குக் குறையாமல் எல்பி மேல் அழுத்தும், அப்பா பத்திரமாக வைத்திருந்த தட்டுகள் தேய்ந்துபோகும்.

தட்டுகளைத் துடைக்க ஸ்பிரிட் யோசனையும் யாராவது சொல்வார்கள். 78-ஐ அதனால் தொடவே தொடாதீர்கள். அவை அரக்கில் செய்தவை, கரைந்துவிடும்.