லு ஸிகாங் பெயர் பொறித்த ஜேட் பதக்கம்: மிங் காலத்ததா?

வணக்கம் நண்பரே. ஊசியால் கீறியும் கோடு விழவில்லை, பின்னால் லு ஸிகாங் பெயர் இருக்கிறது, ஆகவே சீனாவின் மிங் அரச காலத்து (1368–1644) அசலா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து இனிமேல் கீறாதீர்கள். குவார்ட்ஸிலும் ஊசிக் கீறல் விழாது. ஸிகாங் மிங் காலத்து, சீனாவின் சூஜோ நகரக் கைவினைஞர்தான். ஆனால் அவர் பெயரைப் பின்னாளில் எண்ணற்ற பதக்கங்களில் பொறித்தார்கள். பெயரை ஆதாரமாக எடுக்கவே கூடாது.

முதலில் அடர்த்தி பாருங்கள். 0.01 கிராம் தராசில் பதக்கத்தை எடை போடுங்கள். பிறகு தண்ணீர்க் கிண்ணத்தை வைத்துத் தராசைப் பூஜ்யமாக்கி, மெல்லிய நூலில் பதக்கத்தை முழுதும் மூழ்கவிடுங்கள். அடியைத் தொடக்கூடாது, துளைக்குள் காற்றுக்குமிழி நின்றால் கணக்கு தவறும். 38.40 கிராம் பதக்கத்துக்குத் தராசு 13.00 காட்டினால், வகுத்தால் 2.95: ஜேட்டின் ஒரு வகையான நெஃப்ரைட்டாக இருக்கலாம். 2.6 அளவில் வந்தால் செர்பன்டைன் (ஜேட் போலத் தோன்றும் வேறு கல்), குவார்ட்ஸ் அல்லது கண்ணாடி. 3.3 என்றால் ஜேட்டின் மற்றொரு வகையான ஜேடைட். பர்மாவிலிருந்து அது சீனாவுக்குப் பெருமளவில் வந்தது 18ஆம் நூற்றாண்டில்தான், எனவே மிங் என்ற பேச்சு அநேகமாக அடிபடும்.

அடர்த்தி கல்லைச் சொல்லும், வயதைச் சொல்லாது. வயதுக்கு 10 மடங்கு லென்ஸில் நூல் துளையைப் பாருங்கள். பழைய வேலையில் பெரும்பாலும் இருபுறமிருந்தும் குடைந்து நடுவில் சற்றே விலகிச் சந்தித்திருக்கும், விளிம்பு நூல் உரசி மழுங்கியிருக்கும். ஒரே விட்டத்தில் நேராக, கூரிய விளிம்போடு இருந்தால் இயந்திர வேலை என்றே சந்தேகியுங்கள். பழுப்புக் கறை விரிசல்களில் மட்டும் தேங்கியிருந்தால் சாயமாக இருக்கலாம். துளையின் படத்தைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்துப் போடுங்கள்.