மலை ஏரிக்கு ஒரு நாள் நடை: திரும்பும் நேரத்தை முதலில் குறியுங்கள்

கேள்வி: நவம்பரில் ஒரு நாள், காட்பாடியிலிருந்து காலை 6 மணிக்குக் காரில் புறப்பட்டு, ஜவ்வாது மலைச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஒற்றையடிப் பாதையில் 7 கிலோமீட்டர் நடந்து, 450 மீட்டர் உயரே உள்ள ஏரியைப் பார்த்துவிட்டு அன்றே திரும்ப எண்ணுகிறோம். உடன் வரும் தந்தைக்கு வயது 58, மூட்டுவலியும் உண்டு. இயலுமா?

பதில்: இயலும், ஆனால் நீங்கள் போட்டிருக்கும் நேரக் கணக்கில் இயலாது. ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் 1892இல் வகுத்த கணக்கின்படி 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரமும், 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரமும் ஆகும். உங்கள் பாதைக்கு அது ஏறத்தாழ இரண்டே கால் மணி நேரம். எனினும் அது ஓய்வின்றி நடக்கும் திடகாத்திரமானவர்களுக்கானது என்பதால், தந்தையுடன் செல்லும் நீங்கள் மூன்றேகால் மணி நேரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வழியில் ஊரார் "இதோ பக்கம்தாங்க" என்று சொல்வதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அவர்களுடைய பக்கம் வேறு, நம்முடைய பக்கம் வேறு.

6 மணிக்குக் காட்பாடியை விட்டால் நடை தொடங்கவே 9 ஆகிவிடும். ஏரியில் முக்கால் மணி நேரம் இருந்துவிட்டு இறங்கினால், அடிவாரம் சேர மாலை 4 ஆகும். நவம்பரில் சூரியன் 5.45க்குள் மறைந்துவிடும், வடகிழக்குப் பருவமழை பெய்து ஓடையில் நீர் ஏறிவிட்டால், கையிலுள்ள ஒன்றே முக்கால் மணி நேரமும் அக்கரையிலேயே கரைந்துவிடும். ஆகவே முந்தைய இரவை ஜவ்வாது மலைமேல் உள்ள ஜமுனாமரத்தூரில் கழித்து, காலை 6.30க்கு நடையைத் தொடங்குங்கள். 10.30 ஆனதும், ஏரி கண்ணுக்குத் தெரிந்தாலும் திரும்பிவிட வேண்டும் என்று புறப்படும் முன்பே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். பயணத்தை ஜனவரிக்குத் தள்ள முடியுமானால் இன்னும் நல்லது.

மூட்டுவலிக்காரருக்கு ஏற்றத்தைவிட இறக்கமே சோதனை. இரு கைக்கும் ஊன்றுகோல் கொடுத்து, சிறிய அடிகளாக இறங்கச் சொல்லுங்கள். முதல் ஒரு மணி நேரத்திலேயே முட்டியில் வலி தொடங்கினால், அங்கிருந்தே ஒருவர் துணையுடன் அவர் திரும்பிவிடட்டும்.

பாதை காப்புக்காடு வழியாகச் செல்லுமானால் வனத்துறை அனுமதி கட்டாயம். தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் பலர் உயிரிழந்த 2018 காட்டுத் தீவிபத்துக்குப் பிறகு இதில் விதிகள் இறுகியுள்ளன. கரடி நடமாடும் மலை என்பதால் உள்ளூர் வழிகாட்டி ஒருவரையும் அழைத்துச் செல்லுங்கள்.

ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீரும் உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலமும் வேண்டும். ஏரி நீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் மாடுகள் இறங்கும் நீர்தான், காய்ச்சாமல் குடிக்காதீர்கள். சேற்றின் ஆழம் கரையிலிருந்து தெரியாது என்பதால், நீச்சல் தெரிந்தவர்களும் இறங்க வேண்டாம்.