வீரா 1.5 இஞ்சினை நானே ஓவர்ஹால் செய்யலாமா, வொர்க்‌ஷாப்பில் விடலாமா?

கேட்டவர் பட்டர்வொர்த்காரர். பழைய புரோட்டான் வீரா 1.5 கார் நீலப்புகை விடுகிறது, இஞ்சினை முழுக்கப் பிரித்துச் சரிசெய்யும் ஓவர்ஹாலுக்கு 3,800 ரிங்கிட் கேட்கிறார்கள், யூடியூப் பார்த்து வீட்டிலேயே செய்துவிடலாமா என்கிறார்.

உங்கள் வீராவில் இருக்கும் அதே 4ஜி15 இஞ்சின்தான் என் அப்பாவின் சாகா இஸ்வாராவிலும் இருந்தது. உங்களுடையது அநேகமாக இன்ஜெக்‌ஷன், எங்களுடையது கார்புரேட்டர், பெட்ரோல் ஊட்டும் முறையில்தான் முக்கிய வித்தியாசம். பிறையில் எங்கள் வீட்டுப் போர்ச்சில் வைத்து அதை இரண்டு முறை பிரித்துப் பூட்டினேன். முதல் முறை பூட்டியது 400 கிலோமீட்டர் கூடத் தாங்கவில்லை.

அதற்கு முன், இஞ்சினைத் திறக்கத்தான் வேண்டுமா என்று பாருங்கள். பாயா தெருபோங்கிலிருந்து பாலிக் புலாவ் போகிற மலைப்பாதையில் ஓட்டுங்கள், பின்னால் வேறொருவர் தன் காரில் வந்து புகையைக் கவனிக்கட்டும். ஏற்றத்தில் மிதிக்க மிதிக்கப் புகை தொடர்ந்து வந்தால் பிஸ்டனைச் சுற்றி இருக்கும் ரிங் தேய்ந்திருக்கிறது. இறக்கத்தில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு வந்து, கீழே மறுபடி மிதிக்கும்போது குப்பென்று ஒருமுறை வந்து நின்றால் வால்வ் சீல், அதாவது வால்வ் வழியாக ஆயில் இறங்காமல் தடுக்கும் ரப்பர். காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் மட்டும் புகைவதும் பெரும்பாலும் சீல்தான். அதற்கு இஞ்சினை இறக்கவே வேண்டாம். அப்புறம் கம்ப்ரெஷன் டெஸ்ட், ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தம் எவ்வளவு என்று அளப்பது. எண் குறைவாக வரும் சிலிண்டரில் ஒரு மேசைக்கரண்டி இஞ்சின் ஆயில் ஊற்றி மறுபடி அளந்து பாருங்கள். எண் ஏறினால் ரிங், ஏறவில்லை என்றால் வால்வ் அல்லது சிலிண்டர்களின் மேல்மூடிக்கு அடியில் உள்ள கேஸ்கெட். 3,800 கேட்டவர் இதைச் செய்து பார்த்தாரா என்று கேளுங்கள். பார்க்காமலே விலை சொல்லியிருந்தால் அந்தக் கடை வேண்டாம்.

நான் ஏன் சொந்தமாகச் செய்யப் போனேன் என்றால், அப்பா ஒரு வொர்க்‌ஷாப்பில் முழு ஓவர்ஹாலுக்குக் காசு கட்டி, எட்டு மாதத்தில் புகை திரும்ப வந்துவிட்டது. நான் சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றினேன், பிஸ்டனை வெளியே தள்ளினேன். ரிங் உட்காரும் பள்ளம் முழுக்கக் கரி இறுகிப் போய், ரிங் அசையவே இல்லை. சிலிண்டர் சுவரில் ஹோனிங் செய்த, அதாவது கல்லால் தேய்த்துப் போட்ட, குறுக்குக் கோடு ஒன்றுகூட இல்லை, கண்ணாடி மாதிரி வழவழப்பு. மாற்றியது ஹெட் கேஸ்கெட் மட்டும்தான். பில்லில் மட்டும் ரிங், சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங் எல்லாம் இருந்தது. ஃபோர்மன் (மெக்கானிக்) நண்பர்கள் சண்டைக்கு வர வேண்டாம், எல்லோரும் அப்படி என்று நான் சொல்லவில்லை. நல்ல ஃபோர்மன்களிடம்தான் நான் தொழிலே கற்றேன். ஆனால் அப்பா ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த பணம் அது, இன்றைக்கும் நினைத்தால் எரிகிறது.

அந்தக் கோபத்தில்தான் ஆரம்பித்தேன். பிஸ்டனின் இணைப்புத் தண்டான கான்ராடின் கேப்புகளைக் கலக்காமல் நம்பர் போட்டேன். ஹெட் போல்ட்டுகளை அட்டையில் துளை போட்டு வரிசையாகக் குத்தி வைத்தேன். ஹோனிங் கல் வாங்கி டிரில்லில் மாட்டிச் சுவரை நானே தேய்த்தேன். பிறகு சிலிண்டர்கள் இருக்கும் பிளாக் முழுவதையும் பெட்ரோல் ஊற்றிக் கழுவினேன். தப்பு நடந்தது அங்கேதான்.

ஹோனிங் செய்தால் கல்லின் தூள் அந்தக் கோடுகளுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பெட்ரோல் எண்ணெய்ப் பசையை எடுக்குமே தவிர, தூளை எடுக்காது. பார்ப்பதற்குப் பளபளவென்று சுத்தமாக இருக்கும். ஓட ஆரம்பித்ததும் இஞ்சின் ஆயில் அந்தத் தூளை வாரிக்கொண்டு போய்ப் பேரிங்குக்குள் விடும்.

அப்பாவை ஆஸ்பத்திரி செக்கப்புக்குத் தீவுக்கு அழைத்துப் போன நாள். பினாங்குப் பாலத்து டோலில் நின்றபோது ஆயில் விளக்கு மினுக்கியது. பாலத்தில் ஏறி மிதித்ததும் அடியில் டக் டக் டக்கென்று தட்டல். அப்பாதான் முதலில் கேட்டார்: "என்னா சத்தம் அது?" ஓரமாக நிறுத்தி, காரை இழுத்துப் போகும் லாரி வரும்வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் வெயிலில் உட்கார வைத்தேன். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. அப்பாயின்ட்மெண்ட் போனதைப் பற்றியும் பேசவில்லை.

மெஷின் கடை சீன அங்கிளிடம் பேரிங்கைக் காட்டினேன். நகத்தால் சுரண்டி, அதில் பதிந்திருந்த சாம்பல் நிறத் தூளைக் காட்டி, எதில் கழுவினாய் என்று ஒரே கேள்விதான் கேட்டார். பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் கீறல் விழுந்து 0.25 மில்லிமீட்டர் அரைக்க வேண்டியதாயிற்று. அதற்கேற்ற தடித்த பேரிங், புது ரிங், கேஸ்கெட் செட் எல்லாம் மறுபடி.

இரண்டாம் முறை அளவெடுப்பது, ஹோனிங், ஹெட் முகம் சீவுவது எல்லாவற்றையும் அவரிடம் விட்டேன். கழுவியது மட்டும் நான். சுடுதண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு, பிரஷ். ஆயில் ஓடும் துளை ஒவ்வொன்றிலும் குச்சி பிரஷ் விட்டு எடுத்தேன். பழைய வெள்ளை டி-ஷர்ட்டைக் கிழித்து ஆயிலில் நனைத்துச் சிலிண்டரைத் துடைத்தால் சாம்பல் வந்தது. மறுபடி கழுவி, மறுபடி துடைத்தேன். ஏழாவது துண்டில்தான் துணி வெள்ளையாகவே வந்தது. காய்ந்த அடுத்த நிமிடமே ஆயில் பூசிவிடுங்கள், நம் ஊர் ஈரக்காற்றில் வார்ப்பிரும்பு கண்ணெதிரே துருப்பிடிக்கும்.

இன்னொன்று, டார்க் ரெஞ்சை யாருக்கும் இரவல் தராதீர்கள். என் சித்தப்பா மகன் வாங்கிப் போய், லாரி வீல் நட்டைக் கழற்றுவதற்கு அதை நெம்புகோலாக ஆக்கிவிட்டான். கேட்டால், இரும்புதானே என்கிறான். அது இறுக்குகிற அளவைச் சொல்கிற கருவி, அப்படி நெம்பினால் அளவு போய்விடும். கல்யாணத்துக்கு மொய் வைத்தேனா என்று கணக்குப் பார்க்கிற சொந்தம், கெடுத்த சாமானுக்கு ஒரு மன்னிப்புக் கூடக் கேட்கவில்லை. இந்தக் கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சரி, உங்கள் விஷயம். வேலைக்குப் போக வேறு வண்டி இருக்கிறதா? கூரை போட்ட, மணல் பறக்காத இடம் இருக்கிறதா? இரண்டும் இருந்தால் பிரிப்பதும் பூட்டுவதும் நீங்களே செய்யுங்கள், அளவும் அரைப்பும் மெஷின் கடைக்குப் போகட்டும். இரண்டு வாரம் என்று நான் போட்ட கணக்கு இரண்டரை மாதம் ஆனது. இந்த வீராவில்தான் தினமும் வேலைக்குப் போகிறீர்கள் என்றால் கடையில் கொடுங்கள், கழற்றிய பழைய ரிங்கையும் பேரிங்கையும் கையில் வாங்காமல் காசு கட்டாதீர்கள். யூடியூப் பார்த்து முதல் தடவையே சரியாகச் செய்தவர்கள் இருக்கிறார்கள், தெரியும். அவர்களும் ஒழுங்காகக் கழுவியிருப்பார்கள்.

பாதியாக வெட்டிக் கொண்டுவந்த பழைய கார்களை விற்கும் ஹாஃப்கட் கடையில் பழைய இஞ்சின் வாங்கி மாற்றச் சொல்லியும் சிலர் வருவார்கள். இஞ்சின் நம்பர் பிளாக்கில் இருக்கிறது. பிளாக் மாறினால் சோதனைக்குக் கொண்டுபோய் சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயில் பதிவை மாற்ற வேண்டும். உங்கள் பிளாக்கையே வைத்துக்கொண்டால் அந்த அலைச்சல் இல்லை.

நான்கு சிலிண்டர் எண்களையும், ஆயில் ஊற்றுவதற்கு முன் ஒன்று, பின் ஒன்று என்று, இங்கே எழுதுங்கள். பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.