பொண்ணு கான்வென்ட்டுங்க!

கேள்வி: எங்கள் தெருப் பெண் டிகிரி முடித்த கையோடு கன்னியாஸ்திரி ஆகப்போகிறாள். கான்வென்ட்டுக்குள் போய் வாழ்க்கையை வீணாக்கிக்கொள்வது சரியா?
— ஒரு வாசகர், பல்லடம்

பதில்: அப்பாடா, ஒருவராவது அந்தச் சொல்லைச் சரியான பொருளில் எழுதினீர்களே! கான்வென்ட் என்ற சொல்லோடு நான் இந்தப் பக்கத்தில் எத்தனை வருடமாக மல்லுக்கட்டுகிறேன். திருப்பூரிலிருந்து பொள்ளாச்சி வரை பஸ்ஸில் போய்ப் பாருங்கள். டை கட்டிவிட்டு, மஞ்சள் வேன் ஓட்டி, ஃபீஸ் வாங்கினால் அது கான்வென்ட். கல்யாணத் தரகர் ஒருவர் என்னிடமே "பொண்ணு கான்வென்ட்டுங்க" என்றார். "அப்புறம் எதுக்குங்க ஜாதகம்?" என்று கேட்டேன். அவருக்குப் புரியவில்லை. விளக்கிச் சொல்ல இரண்டு காபி ஆயிற்று. லத்தீன் மூலத்தில் அதற்குக் 'கூடுகை' என்று பொருள். துறவு பூண்டவர்கள் கூடி வாழும் வீடு. நம்மவர்கள் அதைக் கன்னியர் மடம் என்று அழகாகச் சொன்னார்கள். என் அம்மாயி அங்கிருக்கும் சகோதரியை 'மதரம்மா' என்பார். மதர் என்றாலே அம்மாதான். மரியாதைக்கு இன்னொரு அம்மா!

சரி, 'வீண்' என்றீர்களே. நினைத்த மாத்திரத்தில் யாரும் கன்னியாஸ்திரி ஆகிவிட முடியாது. புதிதாகச் சேர்பவர்களைப் பழக்கும் நவதுறவகத்தில் குறைந்தது ஒரு வருடம். அதன்பின் ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்ற மூன்று வார்த்தைப்பாடுகளையும், அதாவது கடவுளுக்குத் தரும் உறுதிமொழிகளையும், தற்காலிகமாகக் கொடுத்து, குறைந்தது மூன்று வருடம் வாழ்ந்து பார்க்க வேண்டும். அப்புறம்தான் நிரந்தர வார்த்தைப்பாடு. மனம் ஒப்பவில்லையென்றால் அதற்குள் வீடு திரும்பலாம். நாம் பெண் பார்த்த மூன்றாம் மாதம் தாலி கட்டி அனுப்புகிறோமே, யோசித்துப் பார்க்க அவளுக்கு எத்தனை நாள் கொடுக்கிறோம்? அதை யாரும் இந்தப் பக்கத்துக்கு எழுதிக் கேட்பதில்லை.

நம் பக்கத்துக் கன்னியர் கதை ஒன்று சொல்கிறேன். 1876-ல் மதுரைப் பக்கமிருந்து ஒரு துறவுச் சபையை விட்டு விலகிய சகோதரிகள் இருபது பேர் ஊட்டிக்கு வந்தார்கள். ஊட்டி அப்போது கோவை ஆயரின் பொறுப்பில் இருந்தது. அவர்களின் தலைவி மரி தெ லா பாசியோன் என்ற பிரெஞ்சுப் பெண். அந்த வருடக் கடைசியிலேயே ரோம் போய், 1877 ஜனவரியில் புதிய சபை தொடங்க அனுமதி வாங்கினார். அந்தச் சபை இன்று பல கண்டங்களில் வேலை செய்கிறது. நம் மலையில் முளைத்தது, நமக்கே தெரியாது.

சம்பளக் கதையும் அப்படித்தான். உதவி பெறும் பள்ளிகளில் பாடம் நடத்தும் சகோதரிகளின் சம்பளத்தில் வருமான வரி பிடிக்கலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான், எனக்கு அதில் வருத்தமில்லை. ஆனால் அந்தச் சம்பளம் முழுக்கச் சபைக்கே போகிறது, அவர்கள் கைக்கு வருவதில்லை என்பதே பலருக்கு அந்த வழக்கால்தான் தெரிந்தது.

கிளம்பும் நாளில் அந்தப் பெண்ணைப் போய்ப் பாருங்கள். எந்தச் சபை, நவதுறவகம் எந்த ஊரில் என்று கேளுங்கள். வீணா இல்லையா என்று அவளே உங்களுக்குச் சொல்லட்டும்.