பெங்களூரு கரென்ட் பில்: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

மின் கட்டணப் பிரிவில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பெங்களூரில் நம்மவர்கள் கர்நாடக அரசின் இலவச மின்சாரத் திட்டமான கிருஹ ஜோதி பற்றியும் பில் பாக்கி பற்றியும் கேட்டால், தெரிந்ததைச் சொல்கிறேன் என்று ஒப்புக்கொண்டேன். ஒரே மாலையில் இத்தனை கேள்விகள் வரும் என்று நினைக்கவில்லை. வந்த வரிசையில் எடுத்துக்கொள்கிறேன்.

ஈஜிபுராவிலிருந்து ஒரு அம்மா: சார், எங்களுக்கு எப்போதும் பூஜ்யம் பில்தான் வரும். போன மாதம் 150 யூனிட்தான் ஆனது, ஆனாலும் பணம் கட்டச் சொல்லி பில் வந்திருக்கிறது. 200 வரை இலவசம்தானே?

அம்மா, இந்த ஊரில் அதிகமாகத் தப்பாகப் புரிந்துகொள்ளப்படுவது இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

200 என்பது எல்லை மட்டும்தான். எல்லாருக்கும் 200 யூனிட் இலவசம் என்று அரசு சொல்லவில்லை. 2023 ஜூலை மாதப் பயன்பாட்டிலிருந்து திட்டம் தொடங்கியபோது, ஒவ்வொரு மீட்டருக்கும் 2022-23ஆம் ஆண்டின் மாதச் சராசரியை எடுத்து, அதோடு 10 சதவீதம் கூட்டினார்கள். அதுதான் உங்கள் தகுதி யூனிட். உங்கள் வீட்டுச் சராசரி 110 என்று வைத்துக்கொள்ளுங்கள். தகுதி 121. 121 வரை எரித்தால் பூஜ்யம். 150 எரித்தால் மீதி 29 யூனிட்டுக்குப் பணம். 200ஐத் தாண்டினால் அந்த மாதம் சலுகையே கிடையாது, முதல் யூனிட்டிலிருந்து முழுக் கட்டணம்.

கணக்கைப் பாருங்கள். 2025 ஏப்ரலில் வந்த வீட்டுக் கட்டணப்படி ஒரு யூனிட் 5 ரூபாய் 80 காசு. 200 யூனிட் எரித்தால் தகுதிக்கு மேலான 79 யூனிட்டுக்கு 458 ரூபாய். 201 எரித்தால் 201 யூனிட்டுக்கும் சேர்த்து 1,166 ரூபாய். அதன் மேல் உங்கள் இணைப்புக்கு அனுமதித்த லோடில் கிலோவாட்டுக்கு 145 ரூபாய் நிலையான கட்டணம், மின் ஊழியர் ஓய்வூதியத்துக்கான கூடுதல் கட்டணம் யூனிட்டுக்கு 36 காசு, 9 சதவீத வரி. ஒரே ஒரு யூனிட் இத்தனை வித்தியாசம் செய்கிறது. அதனால் மாதம் பாதி போனதும் மீட்டரை ஒரு தடவை பாருங்கள். இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஓசூரிலிருந்து மாறி வந்தவர்: தமிழ்நாட்டில் 100 யூனிட் எல்லாருக்கும் இலவசம். இங்கே அப்படி எதுவும் இல்லையா?

அங்கே அந்த 100 யூனிட் இரண்டு மாதத்துக்கு, 2016லிருந்து. விண்ணப்பம் வேண்டாம். இங்கே பில் மாதாமாதம், சேவா சிந்து என்ற கர்நாடக அரசின் இணையதளத்தில் பதிவு செய்தால்தான் சலுகை. ஆதாரும், பில்லில் இருக்கும் கணக்கு எண்ணும் வேண்டும். வாடகைக்காரர் என்றால் வாடகை ஒப்பந்தம். தனியாகச் செய்யத் தயக்கமாக இருந்தால் பெங்களூரு ஒன் என்ற அரசு சேவை மையத்துக்குப் போங்கள்.

சீராம்புரம்: எங்கள் வீட்டில் நானும் அம்மாவும் மட்டும். மாதம் 30 யூனிட்தான். எங்களுக்குத் தகுதி ரொம்பக் குறைவாக வருகிறது.

சிக்கனமாக இருந்தவர்களுக்கு முதலில் நேர்ந்த அநியாயம் இது. 30க்கு 10 சதவீதம் என்றால் வெறும் 3 யூனிட். 2024 ஜனவரியில் மாற்றினார்கள்: சராசரி 48 யூனிட்டுக்குள் இருந்தால் 10 சதவீதத்துக்குப் பதில் 10 யூனிட். அப்படியானால் உங்கள் தகுதி 40. பில்லில் அப்படி இல்லையென்றால் பில்லை எடுத்துக்கொண்டு உங்கள் பகுதி மின் அலுவலகமான சப் டிவிஷன் அலுவலகத்துக்கு நேரில் போங்கள்.

முருகேஷ்பாளையா: "இன்றிரவு 9.30க்கு உங்கள் மின்சாரம் துண்டிக்கப்படும், இந்த அதிகாரியை அழையுங்கள்" என்று மெசேஜ். கூப்பிடலாமா?

கூடாது! கூப்பிடாதீர்கள், லிங்க்கைத் தொடாதீர்கள், அவர்கள் சொல்லும் ஆப்பை இறக்காதீர்கள், ஓடிபி சொல்லாதீர்கள். இரவில் கரென்ட் போய்விடும் என்ற பயத்தை வைத்தே பிடுங்குகிறார்கள். வயசானவர்கள் சேர்த்து வைத்த பணமெல்லாம் போன கதைகளைக் கேட்டிருக்கிறேன். சந்தேகம் என்றால் மின் நிறுவனத்தின் உதவி எண்ணான 1912க்கு நீங்களே போன் செய்து கேளுங்கள். வேறு எந்த எண்ணும் வேண்டாம்.

ஆஸ்டின் டவுன்: வீடு மாறிவிட்டோம். புது வீட்டில் பதிவு செய்யப்போனால் ஆதார் ஏற்கெனவே இணைந்திருக்கிறது என்று வருகிறது.

பழைய வீட்டு மீட்டரோடு உங்கள் ஆதார் கட்டுண்டு கிடக்கிறது. சேவா சிந்துவில் டீ-லிங்க் என்ற வசதி இருக்கிறது, 2024இல் வந்தது. அதில் பழையதை விடுவித்துவிட்டு, புது வீட்டுக் கணக்கு எண்ணைச் சேருங்கள். காலி செய்யும் நாளிலேயே இதைச் செய்துவிட்டால் அடுத்து வருபவருக்கும் சிக்கல் இல்லை.

லிங்கராஜபுரம்: லீசுக்கு இருக்கிறோம். ஒரே மீட்டரில் நாலு வீடு. ஓனர் சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 10 ரூபாய் வாங்குகிறார். "கரென்ட் இலவசம் என்று சொல்கிறார்களே" என்றால் கோபப்படுகிறார்.

முதலில் அந்த ஓனர் மேல் கோபப்பட வேண்டாம். நாலு வீடும் ஒரே மீட்டரில் ஓடினால் 200ஐத் தாண்டாமல் இருப்பது கஷ்டம். தாண்டினால் அவருக்குச் சலுகை எதுவும் கிடைக்காது. உண்மையில் நாலு குடும்பமும் சேர்ந்து இழக்கிறீர்கள். ஆனால் 10 ரூபாய் சரியா என்றால், அதைக் கணக்குப் போட்டுத்தான் சொல்ல வேண்டும்.

அதே 2025 கட்டணப்படி 380 யூனிட், 4 கிலோவாட் லோடு என்று வைப்போம். மின்சாரத்துக்கு 2,204, நிலையான கட்டணம் 580, ஓய்வூதியக் கூடுதல் 137, வரி கிட்டத்தட்ட 198. மொத்தம் சுமார் 3,120 ரூபாய். யூனிட்டால் வகுத்தால் 8 ரூபாய் 20 காசு. அதுதான் நியாயமான விலை. பில்லைக் காட்டச் சொல்லுங்கள், மொத்தத்தை யூனிட்டால் வகுங்கள், அவ்வளவுதான்.

கம்மனஹள்ளி, வீட்டு உரிமையாளர்: சார், நீங்கள் வாடகைக்காரர் பக்கமே பேசுகிறீர்கள். வீடு கட்டியது நான், மீட்டர் என் பேரில். மோட்டார், படிக்கட்டு விளக்கு எல்லாம் யார் கட்டுவது? 10 ரூபாய் வாங்கினால் என்ன தப்பு?

மோட்டார் செலவு நியாயம் ஐயா. அதைத் தனியாகக் கணக்குப் போட்டு, இவ்வளவு என்று சொல்லி வாங்குங்கள், யாரும் மறுக்க மாட்டார்கள். மின்சாரத்தின் விலைக்குள் ஒளித்து வைக்காதீர்கள். மின்சாரத்தை வாங்கி விற்பதற்கு உரிமம் வேண்டும் என்று 2003 மின்சாரச் சட்டம், 12ஆம் பிரிவு சொல்கிறது. செலவைப் பங்கிடுவது வேறு, லாபம் வைப்பது வேறு.

விவேக் நகர்: எங்கள் வீட்டுக்குத் தனி மீட்டர் இருக்கிறது. ஆனால் ஓனர் தன் ஆதாரை வைத்துப் பதிவு செய்துவிட்டு, பூஜ்யம் பில்லைக் காட்டாமல் மாதம் 700 வாங்குகிறார்.

கம்மனஹள்ளி ஐயா, இதைப் படித்தீர்களா? இதைத்தான் சொல்கிறேன்.

அம்மா, திட்டத்தில் வாடகைக்காரருக்கும் இடம் உண்டு, அந்த வீட்டில் குடியிருந்து மின்சாரம் எரிக்கிறவர்களுக்குத்தான் சலுகை. ஒருவர் பேரில் பல மீட்டர் இருந்தாலும் ஒன்றுக்குத்தான் கிடைக்கும். ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு சப் டிவிஷன் அலுவலகத்துக்குப் போங்கள். உங்கள் கணக்கு எண்ணைப் போட்டால் எவ்வளவு பில் வந்தது என்று அங்கே தெரிந்துவிடும்.

கம்மனஹள்ளி மறுபடியும்: எல்லா ஓனரும் அப்படியில்லை சார். தனி மீட்டர் போடலாம் என்று போனேன், ஓ.சி. என்கிற குடியேற்றச் சான்று கேட்கிறார்கள். நான் என்ன செய்வது?

நீங்கள் முயன்றிருக்கிறீர்கள் என்பதே எனக்குச் சந்தோஷம். ஆமாம், இது உண்மையான தடை. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், குடியேற்றச் சான்று இல்லாத கட்டடத்துக்கு மின் இணைப்பும் தண்ணீர் இணைப்பும் தரக்கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. அதன் பிறகுதான் பெங்களூரில் இறுக்கினார்கள். ஆயிரக்கணக்கான பேர் தவித்தபின், 2025இல் மாநில அரசு 1,200 சதுர அடி வரையிலான சைட்டில் (மனையில்), தரைத்தளமும் இரண்டு மாடியும் உள்ள வீடுகளுக்கு விலக்கு அளித்தது. உங்களுடையது முப்பதுக்கு நாற்பது சைட் என்றால் அதற்குள் வருகிறதா என்று கேட்டுப் பாருங்கள். நாலு மீட்டர் வந்துவிட்டால் நாலு குடும்பத்துக்கும் சலுகை, உங்களுக்கும் சண்டை இல்லை.

இன்னொன்று, இது வாடகைக்காரர்களுக்கு: அதே சட்டத்தின் 43ஆம் பிரிவு, ஒரு இடத்தின் உரிமையாளரோ குடியிருப்பவரோ கேட்டால் இணைப்புத் தர வேண்டும் என்கிறது. குடியிருப்பவர் என்ற வார்த்தை அங்கே இருக்கிறது. நீலசந்திராவில் ஒண்டுக்குடித்தனம் இருந்த காலத்தில் பல்புக்கு இவ்வளவு, மிக்ஸிக்கு இவ்வளவு என்று எங்களிடம் வாங்கினார்கள். அப்போது எனக்கு இந்தப் பிரிவும் கிடையாது, கேட்கத் தைரியமும் கிடையாது. நீங்கள் கேளுங்கள்.

நான்கு பேர் வரிசையாக: 200 யூனிட் எல்லாருக்கும் இலவசம்தானே?

இல்லை. மேலே ஈஜிபுரா அம்மாவுக்கு எழுதியதைப் படியுங்கள். தயவுசெய்து படித்துவிட்டுக் கேளுங்கள்.

டானரி ரோடு: கணவருக்கு மூன்று மாதமாக வேலை இல்லை. 6,000 ரூபாய் பாக்கி. நாளைக்கே ஒயரைப் பிடுங்கிவிடுவார்களா? சின்னக் குழந்தை இருக்கிறது.

பயப்படாதீர்கள் அம்மா. சட்டத்தின் 56ஆம் பிரிவுப்படி, துண்டிப்பதற்கு முன் எழுத்தில் அறிவிப்புக் கொடுத்து முழுதாக 15 நாள் விட வேண்டும். அந்த 15 நாளை வீணாக்காதீர்கள். இன்றே வெள்ளைத்தாளில் ஒரு கடிதம் எழுதுங்கள்: நிலைமை இப்படி, இவ்வளவு இப்போது கட்டுகிறேன், மீதியைத் தவணையாகக் கட்ட அனுமதி வேண்டும். சப் டிவிஷன் பொறியாளரிடம் நேரில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். கையில் 1,000 இருந்தாலும் அதைக் கட்டிவிட்டு ரசீதோடு போங்கள். கட்ட மனம் இருப்பவர் என்று தெரிந்தால் பேசும் விதமே மாறும். நானே கவுண்டரில் உட்கார்ந்து பார்த்தவன்.

பில் தொகையே தப்பு என்று நினைத்தால் இன்னொரு வழி அதே பிரிவில் இருக்கிறது. கேட்ட தொகை, அல்லது கடந்த ஆறு மாதச் சராசரி, இரண்டில் எது குறைவோ அதை "எதிர்ப்புடன் கட்டுகிறேன்" என்று எழுதிக் கட்டினால், தகராறு முடியும்வரை துண்டிக்கக்கூடாது. அங்கேயும் தீராவிட்டால் நுகர்வோர் குறைதீர்ப்பு மன்றம், அதற்கும் மேல் மின் குறைதீர்ப்பாளர். வக்கீல் தேவையில்லை.

இந்த மாதப் பணத்துக்கு வட்டிக்கு மட்டும் போகாதீர்கள்.

ஹெப்பால்: மாடியில் சோலார் போட்டால் எவ்வளவு மானியம்?

மத்திய அரசின் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை. அதற்கு மேல் என் துறை அல்ல. சோலார் தெரிந்தவரிடம் கேளுங்கள்.

ஜீவன் பீமா நகர்: வீட்டிலேயே தையல் கடை, கமர்ஷியல் மீட்டர். கிருஹ ஜோதி வருமா?

கமர்ஷியல் இணைப்புக்கு வராது.

ஆர்.டி. நகர்: டிசம்பர், ஜனவரியில் மட்டும் 200ஐத் தாண்டுகிறது. எதைக் குறைப்பது?

கீசர். பெங்களூரு குளிரில் வேறெதையும் தேட வேண்டாம். 25 லிட்டர் தொட்டியை ஒருமுறை சூடாக்க 1 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே போகும். நாளுக்கு இரண்டு தொட்டி என்றால் மாதம் 70 யூனிட். எல்லாரும் அடுத்தடுத்துக் குளித்து முடியுங்கள், பத்து மணிவரை போட்டே வைக்காதீர்கள். அப்புறம் பழைய 75 வாட் ஃபேனுக்குப் பதில் 30 வாட் ஃபேன். இன்டக்ஷன் அடுப்பில் பருப்பு வேகவைக்கிறீர்கள் என்றால் அந்த இரண்டு மாதம் கேஸுக்கு மாற்றுங்கள்.

எப்படியும் 200க்கு மேல்தான் என்று இருப்பவர்கள் பில்லில் சாங்ஷன் லோடை, அதாவது உங்கள் இணைப்புக்கு அனுமதித்த கிலோவாட் அளவைப் பாருங்கள். 5 கிலோவாட் என்று போட்டு 3க்கு மேல் எப்போதும் போகாத வீடுகள் நிறைய. குறைத்தால் 2025 கட்டணப்படி மாதம் 290 ரூபாய் மிச்சம். தேவைக்குக் கீழே மட்டும் குறைத்துவிடாதீர்கள், மீறினால் அபராதம்.

இன்னொருவர்: வீடு மாறினோம், ஆதார் பழைய வீட்டில்...

ஆஸ்டின் டவுன் பதில், டீ-லிங்க். அந்த 9.30 மெசேஜ் வந்ததாக இன்னும் மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். மறுபடியும்: கூப்பிடாதீர்கள். 1912 மட்டும்.

அல்சூர்: நான் வேலைக்குப் போய்விடுவேன். அம்மாவுக்குக் கன்னடம் படிக்கத் தெரியாது. பில்லில் எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க முடியுமா?

எண் படிக்கத் தெரிந்தால் போதும். ஒரு காகிதத்தில் இரண்டு எண் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள்: உங்கள் தகுதி யூனிட், போன பில்லில் இருக்கும் கடைசி ரீடிங். பதினைந்தாம் நாள் அம்மா மீட்டரில் ஓடும் எண்ணைப் பார்த்து, ரீடிங்கைக் கழிக்கட்டும். வருவது தகுதியில் பாதிக்கு மேல் இருந்தால், சாயங்காலம் நீங்கள் வந்ததும் சொல்லட்டும். பில் வந்ததும் பழைய ரீடிங்கை அடித்துவிட்டுப் புதியதை எழுதுங்கள்.