ட்ராகன்ஸ் லேர்: மாமாவுக்கு எந்தப் பதிப்பு?
வணக்கம் தம்பி. தென்னாப்பிரிக்காவில் சாட்ஸ்வர்த்தில் இருக்கும் மாமாவுக்கு ட்ராகன்ஸ் லேர் என்ற கார்ட்டூன் வீடியோ கேமை செகா சிடி (செகாவின் பழைய கேம் கருவி), டிவிடி, நிண்டெண்டோ ஸ்விட்ச் மூன்றில் எதற்கு வாங்கிக் கொடுப்பது என்று கேட்டிருந்தீர்கள். யோசிக்காமல் ஸ்விட்ச்சில் 2019இல் வந்த ட்ரைலஜியை, அதாவது மூன்று ஆட்டங்கள் சேர்ந்த தொகுப்பை, வாங்குங்கள். 1983இல் கார்ட்டூன் பட இயக்குநர் டான் புளூத்தின் குழு கையால் வரைந்த படம் அதில் பளிச்சென்று தெரியும். அதே குழுவின் ஸ்பேஸ் ஏஸ் ஆட்டமும் கூடவே வரும்.

செகா சிடி ஒரே நேரத்தில் பொதுவாக 64 நிறம்தான் காட்டும், கதாநாயகன் டிர்க்கின் முகமே புள்ளிபுள்ளியாகிவிடும். அமெரிக்க வட்டு வாங்கினால், நம் ஊரில் கிடைக்கும் ஐரோப்பிய வகைக் கருவியில் அப்படியே ஓடாது. டிவிடி பார்க்க அழகு, ஆனால் ரிமோட்டை அழுத்தியதும் வட்டு அடுத்த காட்சியைத் தேடி ஒரு கணம் நிற்கும். சட்டென்று வாளை வீச வேண்டிய ஆட்டத்துக்கு அது பெரிய தொல்லை.

அப்புறம், மாமா திணறினால் எந்தப் பக்கம் அழுத்துவது என்று காட்டும் வசதியை ட்ரைலஜியில் போட்டுவிடுங்கள்.