ராத்திரி பல்லைக் கடிக்கிறவங்க இம்பிளான்ட் வைக்கலாமா?

கேள்வி: கீழ் கடைவாய்ப்பல் ஒண்ணு எடுத்தாச்சு, இம்பிளான்ட் (எலும்புல டைட்டானியம் வேர் பதிச்சு மேல செயற்கைப் பல் மாட்டுறது) வைக்கலாம்னு இருக்கேன். தூக்கத்துல நறநறன்னு பல்லைக் கடிக்கிறேன்னு வீட்டுக்காரர் சொல்றார். ஒரு டாக்டர் உங்களுக்கு வேண்டவே வேண்டாம்ங்கிறார், இன்னொரு இடத்துல அதெல்லாம் ஒண்ணும் ஆகாது, ஒரே நாள்ல பல்லோட வீட்டுக்குப் போயிடலாம்ங்கிறாங்க. யாரை நம்புறது?

பதில்: ரெண்டு பேரையும் வேணாம். தாராளமா வைக்கலாம், ஆனா அந்த ஒரே நாள் வேலை மட்டும் உங்களுக்கு ஆகாது.

சாப்பிடும்போது கல் கடிபட்டா சட்டுன்னு வாய் நின்னுடுதுல்ல, அது சொந்தப் பல்லைச் சுத்தி இருக்கற சவ்வு பண்ற வேலை. அழுத்தினா 25லேருந்து 100 மைக்ரான் (மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) வரைக்கும் பல்லு அமுங்கிக் குடுக்கும். இம்பிளான்ட்ல சவ்வு கிடையாது, டைட்டானியம் நேரா எலும்போட ஒட்டிக்குது, அதனால 3லேருந்து 5 மைக்ரானுக்கு மேல அசையாது. ராத்திரி நீங்க கடிக்கிற கடியெல்லாம் ஸ்க்ரூ மேலயும் எலும்பு மேலயும் அப்படியே இறங்கும். எலும்பு பிடிக்கவே 3லேருந்து 6 மாசம் ஆகும், அதுக்குள்ள மேல பல்லை மாட்டிக் கடிக்க விட்டா எப்படிப் பிடிக்கும்?

பயப்படாதீங்க, முதல்ல போறது பெரும்பாலும் இம்பிளான்ட் இல்ல, மேல இருக்கற கேப்போட பீங்கான் தெறிக்கும், இல்லைன்னா கேப்பை வேரோட இணைக்கிற உள் ஸ்க்ரூ லூஸாகும். இங்கதான் நிறைய பேர் ஏமாறுறாங்க. பல்லு ஆடுதேன்னு போனா "இம்பிளான்ட் ஃபெயில், எடுத்துட்டு புதுசு வைக்கணும்"னு எடுத்தவுடனே சொல்றவங்க இருக்காங்க. கேப் மட்டும் ஆடுதா, வேரே ஆடுதான்னு முதல்ல எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கச் சொல்லுங்க. ஸ்க்ரூ லூஸுன்னா டைட் பண்ணினா பெரும்பாலும் முடிஞ்சுது, வேர் ஆடினாத்தான் எடுக்கணும். ஸ்க்ரூ லூஸா இருக்கறதோடயே ஆறு மாசம் மென்னுட்டு இருந்தா ஸ்க்ரூ உள்ளயே முறியும், அது வேற தலைவலி. அதனால சிமென்ட் வச்சு ஒட்டுற கேப்பை விட ஸ்க்ரூ போட்டு மாட்டுற கேப்பா கேளுங்க, கழட்டிப் பார்க்க சுலபம்.

லைஃப்டைம் கேரண்டின்னு அட்டை குடுப்பாங்க, அதை வாங்கி முழுசா படிங்க. கேரண்டி பெரும்பாலும் உள்ள இருக்கற டைட்டானியத்துக்குத்தான், கேப்புக்கு இல்ல, பல் கடிக்கிற பழக்கம் இருந்தா செல்லாதுன்னு கீழ பொடி எழுத்துல இருக்கான்னும் பாருங்க. இதையெல்லாம் உங்ககிட்ட பேசுறது டாக்டரா, பேக்கேஜ் விக்கிற ஆளான்னும் கேட்டுக்கோங்க. ராத்திரி பல் கடிப்பீங்களான்னு ஒரு வரி கேள்வி கூட இல்லாத ஃபார்ம்ல கையெழுத்து மட்டும் நாலு இடத்துல வாங்குறாங்க, என்னத்த சொல்ல.

நைட் கார்டு, அதாவது தூங்கும்போது பல்லு மேல மாட்டிக்கிற பாதுகாப்பு உறை, கண்டிப்பா வேணும், பேக்கேஜ்ல இருக்காது, தனியா கேளுங்க. அளவெடுத்துச் செய்யற கெட்டி அக்ரிலிக் கார்டுதான். கடையில விக்கிற, வெந்நீர்ல போட்டுக் கடிக்கிற மெத்து ரப்பர் வேணாம், சிலர் அதைச் சூயிங் கம் மாதிரி இன்னும் ஜாஸ்தி கடிப்பாங்க. கேப் மாட்டினப்புறம் அளவெடுங்க, முன்னாடி செஞ்சது பொருந்தாது.

வீட்டுக்காரர்கிட்ட இன்னொண்ணும் கேளுங்க, நீங்க குறட்டை விடுறீங்களா, நடுவுல மூச்சு நின்னு நின்னு வருதான்னு. ஆமான்னா முதல்ல தூக்கத்துக்கு டாக்டரைப் பாருங்க, பல்லு கொஞ்சம் காத்திருக்கும்.